கடிதக் கம்பியும் பணிப் பதிவேடும்: விருதுநகர் வட்டாரக் குதிரைப்படையினரின் பத்திரங்களைத் திரட்டுவது குறித்து

இந்தியக் கவசப்படையில் 16-ஆவது லைட் கேவல்ரி என வழங்கும் ரெஜிமென்ட், 1776-இல் ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையாகத் தோன்றி, 1784-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னை ராணுவத்தைச் சேர்ந்து, 1903-இல் 27 என்றும் 1922-இல் 16 என்றும் எண் மாறி, பின்னர் குதிரைகளை விடுத்துக் கவச வண்டிகளில் ஏறி, 1945-இல் ஜெ. என். சௌதுரியின் தலைமையில் பர்மாவின் மெய்க்டிலாப் போரில் ஈடுபட்டு, 1965 செப்டம்பரில் சியால்கோட் முனையில் செஞ்சூரியன் டாங்கிகளோடு நின்ற நெடிய சரித்திரம் உடையது. இரு உலக யுத்தங்களின் இடைக்காலத்தில் வடநாட்டாரையே கொண்டிருந்த அது, நாடு விடுதலை பெற்ற பிறகு தென்னாட்டாரின் படையாக விளங்கி வருகிறது. வானம் பார்த்த பூமியாகிய சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில், விவசாயத்தை மட்டும் நம்ப இயலாத குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆலையும் ஒரு வழியாயின என்றால், பட்டாளம் மற்றொரு வழியாயிற்று. அவ்வழிச் சென்று மீண்டவர்களின் சரித்திரத்தை எங்கே தேடுவது என்பதே நம் வினா.

படைப்பிரிவின் சரித்திரம் ஆவணக் காப்பகங்களில் உண்டு. படைவீரனின் சரித்திரம் அவன் வீட்டில்தான் உண்டு என்பது எமது துணிபு. அதிலும், கடிதங்களையும் பணிப் பத்திரங்களையும் வெவ்வேறாகப் பிரித்துத் திரட்டுவது, திரட்டாமல் விடுவதற்கு அடுத்தபடியான தீங்கு என்றே கருதுகிறோம்.

முன்னதற்கு ஒரு சான்று போதும். முதல் உலக யுத்தத்தில் பிரான்சு சென்ற இந்திய வீரர்களின் அஞ்சலைத் தணிக்கை செய்த அலுவலகம், கடிதங்களிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுத்த அறிக்கைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து டேவிட் ஒமிஸ்ஸி 1999-இல் வெளியிட்ட தொகுப்பு ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது. ஆயினும் அவை தணிக்கையாளர் கருத்துக்குரியவை எனக் கொண்ட பகுதிகளே. எருமை கன்று போட்டதா, தங்கையின் சீருக்கு எவ்வளவு வேண்டும், கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் என்பன போன்ற விசாரிப்புகள் தணிக்கையாளர்க்குப் பயனற்றவை. ஒரு கரிசற்காட்டுக் குடும்பத்தின் பொருளாதாரத்தை ஆராய்வோனுக்கு அவையே பிரதான ஆதாரம்.

இனி அத்தகைய கடிதங்கள் வீட்டில் எவ்வாறு இருக்கின்றன என்பதைச் சற்று உற்று நோக்குவோம். ஓட்டு வீட்டின் உத்தரத்தில் தொங்கும் கொக்கிபோல் வளைந்த கம்பியில், வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் குத்தி வைப்பது நம்மவர் வழக்கம். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஒவ்வொரு தாளின் நடுவிலும் துருவின் பழுப்பு வளையத்தோடு ஒரு துளை. பட்டாளத்துக் கடிதங்களோடு மணியார்டர் கூப்பன்களும், கல்யாணப் பத்திரிகைகளும், தீர்வை ரசீதுகளும் அதே கம்பியில் கலந்து கிடக்கும். அக்கலப்பைக் குப்பை எனக் கருதி, போர்வீரன் எழுதியவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பவர், மணியார்டர் வந்த சில நாட்களில் தீர்வை கட்டப்பட்டிருப்பதையும், அடுத்த மாதத்தில் கல்யாணம் நடந்திருப்பதையும் காட்டும் கிரமத்தையே அழித்துவிடுகிறார். கூப்பனின் சிறு இடத்தில் நெருக்கி எழுதிய இரண்டு வரி, சில வேளைகளில் நான்கு பக்கக் கடிதத்தினும் பெறுமதி உடையது. பணம் எதற்கென்று அது தெளிவாகச் சொல்லிவிடும்.

ஆனால் எங்கிருந்து எழுதுகிறான் என்பதை வீரனின் கடிதம் சொல்வதில்லை. 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்னும் ராணுவ அஞ்சலக எண்ணே அவன் விலாசம். இருப்பிடம் எதிரிக்குத் தெரியலாகாது என்பதற்காக அமைந்த முறை அது. கடிதத்தை மட்டும் வைத்திருப்பவர், அவன் பபீனாவில் பயிற்சியில் இருந்தானா, எல்லையில் டாங்கிக்குள் இருந்தானா என்பதை அறிய மாட்டார். பணியிலிருந்து விலகும்போது பெறும் டிஸ்சார்ஜ் புத்தகம் அதற்கு நேர்மாறானது: சேர்ந்த நாள், எண், சவாராகச் சேர்ந்து தபேதாராக உயர்ந்த விவரம், கற்ற தொழில், பெற்ற பதக்கம் எல்லாம் அதில் உண்டு, மனிதன் மட்டும் இல்லை. தேதியைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றோடு பொருத்தும்போதுதான், வழக்கத்துக்கு மாறாகச் சுருங்கிப்போன ஒரு கடிதம், “சுகமாயிருக்கிறேன், கவலை வேண்டாம்” என்பதோடு நின்றுவிட்ட ஒரு கடிதம், யுத்தத்தின் எந்த வாரத்தில் எழுதப்பட்டது என்பது விளங்கும். அவ்வாறு விளங்கிய பின் அந்த இரண்டு தொடர்களையும் நாம் முன்போல் படிக்க முடிவதில்லை.

குடும்ப நினைவைச் சோதிப்பதற்கும் இவ்விணைப்பு இன்றியமையாதது. கொள்ளுத் தாத்தா முதல் யுத்தத்தில் குதிரைப்பட்டாளத்தில் இருந்தார் என்று ஒரு வீட்டில் சொன்னால் அதை மறுக்கவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். பீரங்கி இழுக்கும் குதிரைகளையும் சுமைக் கோவேறு கழுதைகளையும் ஓட்டியவர் நினைவும் பேரப்பிள்ளைகளிடம் அவ்வாறு உருக்கொள்ளக் கூடும். அந்த யுத்தத்துப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருப்பதால், அதைத் திருப்பிப் பார்த்தாலே ஐயம் தீரும். ஊர்ப்பெயர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை: விருதுநகர் 1923 வரை விருதுபட்டி, இராமநாதபுரம் ஜில்லா 1910-இல் ஏற்பட்டது, விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல். சிவகாசிக்காரர் ஒருவரைப் பழைய ஏடுகளில் தேடுவோர் திருநெல்வேலியின் கீழும் தேட வேண்டும்.

சேதம் மூன்று வழிகளில் நேர்கிறது. தபால்தலை சேகரிப்போர் உறையைக் கத்தரிக்கிறார்கள். முத்திரையும் தேதியும் அத்தோடு போகின்றன. பதக்கம் வாங்குவோர் பதக்கத்தை மட்டும் கொண்டு செல்கிறார்கள். மூன்றாவது இவ்வட்டாரத்துக்கே உரியது. பழைய தாளுக்கு இங்கே என்றும் கிராக்கி உண்டு. வெடித்துத் தீர்ந்த சரத்தின் சிதறலில் பள்ளிக்கூட நோட்டின் கோடுகளையும் கையெழுத்தின் துணுக்குகளையும் யாவரும் கண்டிருப்போம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் மார்கழி மாதத்தில் எடைக்குப் போகும் கட்டில் எது இருந்தது என்று பின்னர் எவராலும் கூற இயலாது. ஓய்வூதியம் பெறாமல் விலகிய வீரரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதியாதலால், வீட்டிலுள்ள புத்தகமே அவருக்கு எஞ்சிய ஒரே சாட்சியாக இருத்தல் கூடும்.

ஆகவே, மூலத்தை வாங்கிச் செல்வதைக் காட்டிலும், வீட்டிலேயே படமெடுத்து மூலத்தை உரியவரிடம் விட்டுவருவதே சாலச் சிறந்தது. பென்ஷன் உத்தரவு இன்றும் ஒரு விதவைத் தாயின் ஜீவனத்துக்கு ஆதாரமாயிருக்கையில், சரித்திரத்தின் பெயரால் அதைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. கடிதங்களில் வரும் கடன், பிணக்கு, சாதி வழக்கு முதலியவற்றில் எவற்றை வெளியிடலாம் என்பதைக் குடும்பத்தாரே தீர்மானிக்க வேண்டும். அச்சுத் தொழிலில் தலைமுறைகளாகத் தேர்ந்த சிவகாசியில், தாளின் நிறமும் துருவின் கறையும் பிசகாமல் பிரதி எடுப்போர்க்குப் பஞ்சமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூற்சேகரம் சிதறாமல் காக்கப்பட்டதால்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழ முடிந்தது. விருதுநகர் செந்திகுமார நாடார் கல்லூரியும் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் தத்தம் சரித்திர மாணவர்களை இப்பணியில் ஏவலாம். மாணவர் முதலில் செய்ய வேண்டியது, கம்பியிலிருந்து ஒரு தாளையும் கழற்றும் முன், கம்பியை அப்படியே ஒரு படம் எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றுக்கும் எண் இடுவது. 1965-இல் டாங்கி ஓட்டியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டபடியால், அந்த எண்களைக் காட்டி, இது எங்கிருந்து எழுதினீர்கள் ஐயா என்று கேட்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடலாகாது.