உரமும் அதுதான், வெடியும் அதுதான்



கிணறு வெட்டும்போது பாறை குறுக்கிட்டால் குழி போட்டு வெடி வைக்கிறோம். இன்றைய பாறை வெடிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் அமோனியம் நைட்ரேட். பார்ப்பதற்கு வெள்ளை உப்பு மாதிரிதான் இருக்கும். தழைச்சத்து மிகுந்தது என்பதால் பல நாடுகளில் அதுவே உரம். தனியாக இருந்தால் சுலபத்தில் வெடிக்காது. ஜனங்கள் ஏமாந்ததும் அதனால்தான்.

1921-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற ஊரில் அமோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் குவியலாகக் கிடந்து பாறையாக இறுகிவிட்டது. அதைச் சின்ன வெடி வைத்து உடைப்பது அங்கே வழக்கம். ஆயிரக்கணக்கான தடவை ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பர் 21-ந் தேதி குவியலே வெடித்து 500 பேருக்கு மேல் மாண்டார்கள். 1947-ல் அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில், இதே உரம் ஏற்றிய கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அங்கேயும் 500 பேருக்கு மேல் பலி.

நம் நாட்டில் வெடிபொருள் சட்டம் 1884-லேயே வந்துவிட்டது. ஆனால் அமோனியம் நைட்ரேட்டை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2011-ல்தான். 2012-ல் தனி விதிகள் வந்தன. இறக்குமதி செய்ய, இருப்பு வைக்க, ஏற்றிச் செல்ல, விற்க, எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சரி, சட்டம் வந்தால் போதுமா? வடசென்னையைப் பாருங்கள். 2015-ல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த சுமார் 700 டன் சரக்கைச் சுங்கத்துறை பிடித்தது. 37 கண்டெய்னர்கள் மணலியில் ஒரு கிடங்கில் நின்றன. வழக்கு நடந்தது; ஐந்து வருஷம் ஓடிப்போனது. மணலி என்றால் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கிற இடம். 2020 ஆகஸ்ட் 4-ந் தேதி பெய்ரூட் துறைமுகத்தில், இதே மாதிரி பிடித்து வைத்திருந்த 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் இங்கே பரபரப்பு. அந்த மாதமே சரக்கு ஏலத்தில் போய், போலீஸ் காவலோடு ஹைதராபாத்துக்குக் கிளம்பியது. பிடிபட்ட சரக்கைச் சீக்கிரம் ஏலம் விட 2021-ல் விதியும் திருத்தப்பட்டது. பூட்டி வைத்துவிட்டதால் ஒரு பொருளுக்கு ஆபத்து போய்விடாது என்பதுதான் மணலி சொல்கிற பாடம்.

இப்போது வெடியில்லாமல் பாறை பிளக்கிற பொடியும் கிடைக்கிறது. முக்கியமாகச் சுட்ட சுண்ணாம்புதான். தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினால் உப்பி, சத்தமில்லாமல் பாறையைப் பிளக்கும். ஆனால் அதையும் சாதுவென்று நம்பிவிடாதீர்கள். வெயில் நேரத்தில் குழியிலிருந்து பீறிட்டு அடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஊற்றின குழியைக் குனிந்து பார்க்காதீர்கள்.

வெடிதான் வேண்டுமென்றால், உரிமம் உள்ளவரா என்று கேட்ட பிறகே ஆளைக் கிணற்றில் இறக்குங்கள். இறுகிப்போன உர மூட்டையை மரக்கட்டையால் தட்டி உதிருங்கள். டீசலையும் உரத்தையும் ஒரே கொட்டகையில் வைக்க வேண்டாம்.