450-ஐத் தொட்ட 300

1984-ல் ஐபிஎம் தன் 'ஏடி' கம்ப்யூட்டரை 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் விற்றது. அந்த வேகத்தை நிர்ணயித்தது மதர்போர்டில் செருகியிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகம்; அதில் பாதிதான் பிராசசரின் வேகம். கைவேலை தெரிந்த சிலர் அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். மெஷின் 8-ல் ஓடியது! கம்ப்யூட்டரைத் துவக்கும் நிரலான பயாஸின் அடுத்த பதிப்பிலேயே வேகத்தைச் சோதித்துத் தடுக்கும் ஏற்பாட்டை ஐபிஎம் புகுத்தியது. கதை அதோடு முடிந்ததாகத்தான் தோன்றியது.

1997 பிப்ரவரியில் டெக்சாஸிலிருந்து ஒரு அதிர்ச்சி கிளம்பியது. ஹியூஸ்டனின் காம்பேக் நிறுவனம் 999 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டரை இறக்கியது. உள்ளே இன்டெல் இல்லை. அதே மாநிலத்தின் ரிச்சர்ட்சனில் இருந்த சைரிக்ஸ் நிறுவனத்தின் பிராசசர். இரண்டே மாதத்தில் கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து ஏஎம்டியின் கே6 வந்தது. அதை வளர்த்தவர்களில் ஒருவர் வினோத் தாம். புனேயில் பிறந்து, இன்டெலில் பென்டியத்துக்குத் தலைமையேற்றுப் பெயர் வாங்கிய அதே மனிதர். மலிவு கம்ப்யூட்டர் பக்கம் அதிகம் திரும்பாத இன்டெல் இப்போது அவசரமாகத் திரும்பியது. அவசரத்தில் சறுக்கியது.

1998 ஏப்ரலில் அதன் மலிவு பிராசசரான முதல் செலரான் வந்தது. விலையைக் குறைப்பதற்காக, பென்டியம் 2-வில் இருந்த 512 கிலோபைட் கேஷை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்கள். அடிக்கடி தேவைப்படும் தரவைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் அந்த நினைவகம் போனதும், சிப் அடிக்கடி மெதுவான ராம் வரை போய்வர வேண்டியதாயிற்று. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நாலே மாதத்தில் மாற்று வந்தாக வேண்டிய நெருக்கடி.

ஆகஸ்ட் 24-ல் வந்தது செலரான் 300ஏ. விலை 149 டாலர். இம்முறை 128 கிலோபைட் கேஷைச் சிலிக்கானுக்குள்ளேயே பதித்திருந்தார்கள். பென்டியம் 2-வின் கேஷ் தனிச் சிப்புகளில் பாதி வேகத்தில் ஓடியது. இதுவோ அளவில் சிறியதானாலும் பிராசசரின் முழு வேகத்திலேயே ஓடியது. அதே நாளில் இன்டெல் 669 டாலருக்குப் பென்டியம் 2-வின் 450 மெகாஹெர்ட்ஸ் மாடலையும் வெளியிட்டது. இரண்டும் ஒரே 0.25 மைக்ரான் தொழில்நுட்பத்தில் பிறந்தவை. அப்படியானால் 149 டாலர் சிப்புக்குள்ளும் 450 ஒளிந்திருக்குமோ?

பிராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. பிராசசரை ராமுடன் இணைக்கும் பஸ்ஸின் வேகம் 66.67 மெகாஹெர்ட்ஸ் (சுருக்கமாக 66), பெருக்கி 4.5, ஆக 300. குறைந்த வேகச் சிப்பில் கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்ற மோசடிகளுக்குப் பயந்து, பெருக்கியை இன்டெல் பூட்டியிருந்தது. பஸ்ஸைப் பூட்டவில்லை. 66-க்குப் பதில் 100 வைத்தால்? சரியாக 450.

அதற்கும் ஒரு தடை. எந்த பஸ் வேகம் வேண்டும் என்பதைச் சிப்பே மதர்போர்டுக்குச் சொல்லிவிடும். அதைச் சொன்னது பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனை. அதன்மேல் மெல்லிய டேப் துணுக்கு ஒன்றை ஒட்டினார்கள். மதர்போர்டு 100 என்று நம்பியது. அபிட் பிஎச்6 போன்ற போர்டுகளில் டேப்கூடத் தேவைப்படவில்லை. பயாஸ் மெனுவிலேயே பஸ்ஸையும் மின்னழுத்தத்தையும் மாற்ற முடிந்தது. பெரும்பாலான 300ஏ-க்கள் 450-ல் எழுந்து நின்றன. கேம்களில் 669 டாலர் சிப்புக்கு ஈடுகொடுத்தன.

இதில் பெரிய அதிர்ஷ்டம், 100 என்பது இடைப்பட்ட பஸ் வேகமான 83-ஐவிடப் பாதுகாப்பாக இருந்ததுதான். 83-ல் ஓட்டினால் ஹார்ட் டிஸ்க் நம்பியிருந்த பிசிஐ பஸ் 33-க்குப் பதில் 41-க்கு எகிறி, தரவு கெடும் அபாயம் இருந்தது. இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் 100-ஐ மூன்றால் வகுத்து, பிசிஐயை அதன் சொந்த 33-லேயே வைத்தது. ராம் மட்டும் பிசி100 ரகமாக இருக்க வேண்டும். முரண்டு பிடித்த சிப்புகளுக்கு மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்பதால் நிதானம் தெரிந்தவர்களே தப்பித்தார்கள். பகா எண்களைத் தேடப் பிறந்த 'பிரைம்95' நிரலை மணிக்கணக்கில் ஓட்டி, ஒரு கணக்குகூடப் பிசகாத பிறகே அந்த வேகத்தை நம்பினார்கள். அந்த ஒழுங்குதான் 'ஓவர்கிளாக்கிங்' என்ற இந்தக் கலையைப் பிழைக்க வைத்தது என்பேன்.

செலரானின் பஸ்ஸை இன்டெல் 2001 வரை 66-லேயே வைத்திருந்தது. ஆனால் ஆர்வம் அடங்கவில்லை. கடைசியில் இன்டெலே இறங்கிவந்தது. 2010-ல் பெருக்கியின் பூட்டைத் திறந்து 875கே, 655கே என்ற இரு சிப்புகளை விற்றது. இன்று இன்டெல் சிப்புகளின் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் 'கே' எழுத்து பிறந்தது இப்படித்தான். 2012-ல், ஓவர்கிளாக்கிங்கில் கருகிய சிப்பை ஒருமுறை மாற்றித் தரும் திட்டத்தையும் தனிக் கட்டணத்துக்கு விற்றது. 2014-ல், பென்டியம் பெயரின் இருபதாம் ஆண்டுக்காக, 72 டாலருக்கு ஜி3258 என்ற மலிவுச் சிப்பை வெளியிட்டது. பெருக்கியில் பூட்டு இல்லை; டேப் ஒட்டும் வேலையும் இல்லை.