ஆங்கிலக் கால்வாயில் கரையோரப் பாய்மரப் பயணம்

கரையோரப் பாய்மரப் பயணம் என்பது, சிறிய பாய்மரப் படகொன்றில் கரையை ஒட்டித் துறைமுகம் விட்டுத் துறைமுகம் செல்லும் பொழுதுபோக்குக் கடற்பயணம் ஆகும். இங்கிலாந்தின் தென்கரையில் அமைந்த ஆங்கிலக் கால்வாய் இத்தகைய பயணங்களுக்குப் பெயர் பெற்ற பகுதிகளுள் ஒன்று. இங்கு காற்று, ஓதம், பார்வைத்தெளிவு ஆகிய மூன்றும் பயணத்தின் நாளையும் நேரத்தையும் முடிவு செய்கின்றன.

== காற்றும் திசையும் ==

கால்வாயில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசுகிறது. பாய்மரப் படகு காற்றை நேர் எதிர்த்துச் செல்ல இயலாது. குறுக்கும் மறுக்குமாக வளைந்தே முன்னேற வேண்டும். ஆகவே கிழக்கு நோக்கிய பயணம் எளிதாகவும், மேற்கு நோக்கிய பயணம் நீண்டதாகவும் அமைவது வழக்கம். குறுகிய விடுமுறையில் செல்வோர் முதலில் மேற்கே சென்றுவிட்டு, திரும்பும்போது காற்றைப் பின்புறம் பெறுமாறு திட்டமிடுவது நன்று எனக் கருதப்படுகிறது.

காற்றின் விசை போஃபர்ட் அளவுகோலில் கூறப்படுகிறது. இதனைப் பிரான்சிசு போஃபர்ட் 1805 ஆம் ஆண்டில் வகுத்தார். விசை 4 (11–16 நாட்) சிறு படகுகளுக்கு ஏற்றது. விசை 6 (22–27 நாட்) குடும்பத்தோடு செல்வோர் பலருக்குத் துறைமுகத்திலேயே தங்கிவிட வேண்டிய எல்லையாகும். விசை 8 (34–40 நாட்) சூறைக்காற்று எனப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

== வானிலை முன்னறிவிப்பு ==

1859 ஆம் ஆண்டு அக்டோபரில் வேல்சுக் கரையருகே ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் புயலில் சிக்கி உடைந்து, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதன்பின் ராபர்ட் ஃபிட்சுராய் 1861 இல் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கினார். அம்முறையின் வழிவந்ததே இன்று பிபிசி வானொலியில் ஒலிபரப்பாகும் கப்பல் வானிலை அறிக்கை. இதில் டோவர், வைட், போர்ட்லாந்து, பிளிமத் ஆகியவை கால்வாயை ஒட்டிய கடற்பகுதிகள்.

சூறைக்காற்று எச்சரிக்கையில் வரும் காலச்சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு.
* "உடனடி" – 6 மணி நேரத்துக்குள்
* "விரைவில்" – 6 முதல் 12 மணி நேரத்துக்குள்
* "பின்னர்" – 12 மணி நேரத்துக்குப் பின்

இவை அறிக்கை வெளியிடப்பட்ட நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகின்றன. கேட்ட நேரத்திலிருந்து அல்ல.

== ஓதம் ==

கால்வாயின் ஓத நீரோட்டம் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுகிறது. 10 மீட்டர் நீளமுள்ள படகின் சராசரி வேகம் 5 நாட் அளவே. எனவே 3 நாட் எதிரோட்டம் இருப்பின் கரையைப் பொறுத்தவரை படகின் வேகம் 2 நாட்டாகக் குறைந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் நீரோட்டம் மேலும் வலுவடைகிறது.

நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும்போது அலைகள் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் எழும். இதே காற்று, ஓதம் திரும்பியபின் தாங்கக்கூடியதாக இருக்கலாம். போர்ட்லாந்து முனையில் இவ்விளைவு மிகக் கடுமையானது. நல்ல வானிலையில் சரியான ஓத நேரத்தில் கரையை மிக ஒட்டி அதனைக் கடக்கலாம். மற்ற வேளைகளில் பல மைல் விலகிச் செல்ல வேண்டும்.

== எடுத்துக்காட்டு: லைம் விரிகுடா ==

சுடார்ட் முனையிலிருந்து போர்ட்லாந்து முனை ஏறத்தாழ 50 கடல் மைல் தொலைவில் உள்ளது. 5 நாட் வேகத்தில் இதற்கு 10 மணி நேரம் ஆகும். ஆதலால் வழியெங்கும் ஓதம் துணையாக இருக்க முடியாது. மாலுமிகள் போர்ட்லாந்தைக் கடக்க ஏற்ற நேரத்தை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தை அறிகின்றனர். காற்று குறைந்து கணக்குத் தவறினால், முனையை விலகிச் சுற்றவோ திரும்பவோ முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

== அடைக்கலத் துறைமுகங்கள் ==

அருகிலுள்ள துறைமுகம் எப்போதும் பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. சால்கோம்பு, சிச்செசுட்டர் ஆகியவற்றின் வாயிலில் மணல்திட்டு உள்ளது. வலுவான தெற்குக் காற்றில் ஓதம் வற்றும்போது அங்கு அலைகள் உடைவதால் நுழைவது உயிருக்கு ஆபத்தானது. ஃபால்மத், டார்ட்மத் ஆகியவற்றில் ஓதத்தின் எந்நிலையிலும் நுழையலாம். எனவே அடைக்கலத் துறைமுகம் எதிர்பார்க்கப்படும் காற்றின் திசையைக் கொண்டே தெரிவு செய்யப்படுகிறது.

== திட்டமும் காலக்கெடுவும் ==

கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் ஐந்தாம் அதிகாரம், 2002 சூலை முதல் பொழுதுபோக்குப் படகுகளுக்கும் பயணத்திட்டத்தைக் கடமையாக்கியது. வானிலை, ஓதம், படகின் வரம்பு, உடன்வருவோரின் அனுபவம், மாற்றுவழி ஆகியவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். கரையில் உள்ள ஒருவருக்குத் திட்டத்தைத் தெரிவிப்பதும் அறிவுறுத்தப்படுகிறது.

குறித்த நாளில் வீடு திரும்பியாக வேண்டும் என்ற நெருக்கடியே, பொருந்தாத வானிலையில் புறப்படத் தூண்டும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இதனால் திட்டத்தில் காத்திருப்பதற்கான ஓரிரு நாட்கள் சேர்க்கப்படுகின்றன. படகை வேறொரு துறைமுகத்தில் விட்டுவிட்டுத் தொடருந்தில் வீடு திரும்புவதும் இப்பயணத்தில் வழக்கமான ஒரு முடிவேயாகும்.

== இவற்றையும் பார்க்கவும் ==
* பாய்மரப் படகு
* போஃபர்ட் அளவுகோல்
* ஓதம்