பலெர்மோவின் நெகற்றிவ்கள்

பலெர்மோவில் வாழும் எம்மவரிடம் இந்நகரத்தைப் பற்றிக் கேட்டால் மலையிலுள்ள சாந்தா றொசாலியாவைச் சொல்வார்கள், வீட்டு வேலையைச் சொல்வார்கள், விசாவுக்கு நின்ற வரிசையைச் சொல்வார்கள். இதே தெருக்களில் கொலைகள் நடந்தபோது கமராவுடன் ஓடிய ஒரு பெண்ணைப் பற்றி எம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

லெத்தீசியா பத்தாலியா 1974இலிருந்து 'லோரா' என்னும் மாலைப் பத்திரிகைக்காக மாஃபியாக் கொலைகளைப் படமெடுத்தார். உடன் நின்றவர் பிராங்கோ செக்கின். 1980 ஜனவரி 6ஆம் திகதி சிசிலிப் பிராந்திய ஆட்சியின் தலைவர் பியர்சாந்தி மத்தரெல்லா சுடப்பட்டபோது, அவரைக் காரிலிருந்து வெளியே எடுக்கும் தம்பி செர்ஜியோவின் படம் பத்தாலியாவின் பிலிமில் விழுந்தது. அந்தத் தம்பிதான் 2015இல் இத்தாலியின் ஜனாதிபதியானார்.

இப்படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதை வெறும் அழகியல் என்று கொள்ளலாகாது. கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவப் பெரிய ஸ்ரூடியோ வேண்டியதில்லை. முழு இருட்டில் பிலிமைச் சுருளில் ஏற்றி, ஒளி புகாத சிறு தொட்டிக்குள் மூடிவிட்டால், மிகுதி வேலையை வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம். 20 பாகை வெப்பத்தில் டெவலப்பர். பிறகு தண்ணீர் அல்லது ஐதான வினாகிரி. பிறகு, ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்தகற்றும் ஹைப்போ. ஹைப்போவின் இந்த இயல்பை ஜோன் ஹேர்ஷல் 1819இலேயே கண்டறிந்திருந்தார். கடைசியாக ஓடும் நீரில் அலசல். இதில் அவசரப்பட்டால் எஞ்சும் ஹைப்போ காலப்போக்கில் படத்தைக் கெடுத்துவிடும். பொறுமையாக அலசிய நெகற்றிவ், எடுத்தவரின் ஆயுளையும் தாண்டி நிற்கும்.

இதில் ஓர் அரசியலும் உண்டு. எடுத்தவரே கழுவும்போது, இடையில் எந்தக் கடைக்காரரின் கண்ணும் அதில் படுவதில்லை. பத்திரிகை ஆசிரியர் தெரிவு செய்யாத படங்களும் அதே கீற்றில் முன்னும் பின்னுமாக இருந்துகொண்டே இருக்கின்றன.

1993இல் அது நிரூபணமாயிற்று. ஏழு தடவை பிரதமராயிருந்த ஜூலியோ அந்திரேயோத்தி, மாஃபியாவைச் சேர்ந்த நீனோ சால்வோவைத் தமக்குத் தெரியாது என்றார். பொலிசார் பத்தாலியாவின் சேகரிப்பைத் தேடியபோது இருவரும் ஒன்றாக நிற்கும் 1979ஆம் ஆண்டுப் படங்கள் அகப்பட்டன. எடுத்ததையே அவர் மறந்திருந்தார். அந்திரேயோத்தி சிறை செல்லவில்லை என்பது உண்மை. 1980 வரையான தொடர்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் ஏற்றபோதும், காலம் கடந்துவிட்டதால் தண்டனை இல்லை. ஆனால் 'தெரியாது' என்ற சொல் பொய்யாயிற்று.

எமது கதை என்ன? ஸ்ரூடியோவில் எடுத்த படங்களின் நெகற்றிவ்கள் ஸ்ரூடியோவிலேயே கிடந்தன. வீட்டுக்கு வந்தவை பிரதிகள்தான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. 1995 இடப்பெயர்வில் அல்பத்தைத் தூக்கியவர்களிலும் நெகற்றிவ்வைத் தேடி எடுத்தவர் எத்தனை பேர்?

இன்னொரு கேள்வி இதைவிடக் கசப்பானது. பத்தாலியா படமெடுத்தது அந்நியப் படையை அல்ல. தன் ஊரவர் தன் ஊரவரைக் கொன்றதை. 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். எமக்குள் நடந்த இத்தகைய கொலைகளைப் படமெடுக்க, எடுத்ததைக் கழுவக் கொடுக்க, யாருக்குத் துணிவிருந்தது? எதிரி செய்ததற்கு மட்டும் சாட்சி தேடும் சமூகம் பாதிச் சாட்சியத்தோடுதான் வரலாற்றின் முன் நிற்கும்.

பத்தாலியா 2022இல் மறைந்தார். எம்மில் பலரது அலுமாரியில் இன்னும் பழைய நெகற்றிவ் உறைகள் கிடக்கின்றன. அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். உறையின் மேல் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதுங்கள். படத்தில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உயிருடன் இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும்.