எஞ்சினின் தட்டொலி

மேட்டுச் சாலையில் ஏறும் ஒரு காரை நினைத்துக் கொள்ளுங்கள். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். வேகம் கூட வேண்டிய நேரத்தில் வண்டி திணறுகிறது. சிறு சுத்தியால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை எஞ்சினுக்குள்ளிருந்து எழுகிறது. எஞ்சின் சூடேறுகிறது, ஆனால் இழுக்கும் வலு குறைகிறது. மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பார்கள். நாம் ‘தட்டொலி’ எனலாம். இந்த நோய்க்குக் காரணம் கண்ட கதையும், அதற்குக் கொடுத்த மருந்தின் கதையும் அறிவியல் பயில்வோர் அனைவரும் அறிய வேண்டியவை.

பழி யார் மீது?

1912-ஆம் ஆண்டில் கெடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை அதனால் ஒழிந்தது. இதனை உருவாக்கியவர் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங். பேட்டரியைக் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் அமைப்பும் அவருடையதே. ஆகவே, எஞ்சின் தட்டியபோது பழி அந்த அமைப்பின் மீது விழுந்தது. உரிய நேரத்துக்கு முன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்வதால்தான் ஓசை எழுகிறது என்று பலரும் நம்பினர்.

1916-இல் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார் தாமஸ் மிட்ஜ்லி. அவர் எந்திரப் பொறியியல் படித்தவர். சிலிண்டருக்குள் நடப்பதைக் கண்ணால் காண அவர் வழி தேடினார். அழுத்தம் மாறும்போது அசையும் சிறு கண்ணாடி ஒன்றை எஞ்சினோடு இணைத்தார். அதில் பட்டுத் திரும்பிய ஒளிக்கதிர், சுழலும் ஒளிப்படச் சுருளில் கோடு வரைந்தது. தீப்பொறி தோன்றிக் கலவை எரியத் தொடங்கிய பிறகே அழுத்தம் செங்குத்தாக எகிறுகிறது என்பதை அக்கோடு காட்டிவிட்டது. தீப்பொறி அமைப்பின் மீதிருந்த பழி நீங்கியது. குறை எரிபொருளில் இருந்தது.

நடப்பது என்ன?

தீப்பொறி தோன்றிய இடத்திலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவ வேண்டும். பரவும்போது, இன்னும் எரியாத மீதிக் கலவையை அது நெருக்கிச் சூடேற்றுகிறது. எரிபொருள் தரம் குறைந்ததாயின், சுடர் வந்து சேருமுன் அம்மீதிக் கலவை தானே ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதுவதே நாம் கேட்கும் ஓசை. பிஸ்டனைத் தள்ள வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிச் சுவர் வழியே வீணாகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை மிகுதியாக நுழைந்து அழுத்தமும் மிகுவதால், நோய் அந்த நேரத்தில் தலைகாட்டுகிறது.

பொய்த்த கொள்கை, பலித்த சோதனை

அமெரிக்கக் காடுகளில் பனி நீங்குமுன்பே பூக்கும் ஒரு செடி உண்டு. அதன் இலைகளின் அடிப்புறம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்ப்பதால் அது முந்திப் பூக்கிறதோ என்றும், எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் அது சீராக எரியுமோ என்றும் ஆய்வாளர்கள் எண்ணினர். சாயம் கையில் இல்லாததால் அயோடினைக் கலந்தனர். தட்டொலி நின்றது! ஆனால் மற்றச் சிவப்புச் சாயங்கள் பயன்தரவில்லை; நிறமற்ற அயோடின் சேர்மங்களோ பயன் தந்தன. எனவே காரணம் நிறமன்று, வேதியியலே என்பது தெளிவாயிற்று.

தனிம அட்டவணையைத் துணைகொண்டு தேடல் தொடர்ந்தது. 1921 டிசம்பர் 9 அன்று ‘டெட்ரா எதில் லெட்’ என்னும் காரீயச் சேர்மம் சோதிக்கப்பட்டது. பெட்ரோலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்ததிலேயே தட்டொலி அடங்கியது. 1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் காரீயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஆல்கஹாலும் தட்டொலியைக் குறைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதனை மிகுதியாகக் கலக்க வேண்டும். காரீயமோ சிறிதளவே போதும்.

மருந்தே நஞ்சாயிற்று

காரீயம் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு என்பது அன்றே தெரிந்த உண்மை. 1923-இன் தொடக்கத்தில் மிட்ஜ்லியே அந்நஞ்சினால் நோயுற்று ஓய்வெடுத்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆலை ஒன்றில் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். அதே மாதத்தில் மிட்ஜ்லி செய்தியாளர்களின் முன் அதில் கைகழுவி, முகர்ந்தும் காட்டினார். 1925-இல் அரசு கூட்டிய மாநாட்டில் ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தனர். ஆயினும் 1926-இல் ஆய்வுக்குழு, தடை செய்யத் தக்க ஆதாரம் இல்லை என்றும், ஆய்வு தொடர வேண்டும் என்றும் கூறியது. விற்பனை மீண்டும் தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளில் ஆய்வுகள் பெரும்பாலும் தொழில் நிறுவனங்களின் பணத்திலேயே நடந்தன.

பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், உலகெங்கும் காரீயம் இயற்கை அளவை மீறிப் பரவியிருப்பதை 1965-இல் எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அது குன்றச் செய்வதும் பின்னர் உறுதியாயிற்று. இந்தியா 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காரீயப் பெட்ரோலுக்கு விடை கொடுத்தது. உலகில் கார்களுக்கு அதனைக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா. அங்கும் அது 2021 ஜூலையில் நின்றது.

இன்றைய கார்களில் பலவற்றில் தட்டொலியைக் கண்டறியும் சிறு உணரி எஞ்சின் மீது உள்ளது. அது அறிவித்தவுடன் கணிப்பொறி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. தட்டல் அடங்குகிறது, வலுவும் சற்றுக் குறைகிறது. ஆதலால், ஆக்சிலேட்டரை அழுத்தியும் வண்டி வேகம் எடுக்காதபோது, ஓசை இல்லையே என்று எரிபொருளைச் சோதியாமல் விடக்கூடாது. 1921-இல் ஓசை நின்றதும் நோய் தீர்ந்ததாகவே எண்ணினார்கள். அது எஞ்சினை விட்டு மனிதரின் குருதிக்குள் புகுந்திருந்ததை உலகம் உணர்வதற்குள் பல தலைமுறைகள் கடந்துவிட்டன.