முரசுகட்டிலும் புலவர் நாவும்

படையும் பொருளும் இன்றி ஆட்சி இல்லை என்பது பண்டைக் காலம் தொட்டுக் கண்ட உண்மை. ஆயின் அவ்விரண்டும் உடையான் ஒருவன், அவை இல்லாதார் மாட்டு எவ்வாறு ஒழுகினான் என்பதே அவனது தலைமையை அளக்கும் கோலாகும். வாளேந்திய கை அஞ்சத் தக்கதுதான். எனினும் அந்தக் கை எவ்விடத்துத் தாழ்ந்தது என்பதைக் கொண்டே வரலாறு ஒருவனை மதிப்பிடுகிறது. சங்ககால வேந்தர்க்கும் புலவர்க்கும் இடையே நிலவிய உறவு இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வுறவை அறியப் பெருந்துணை செய்வது புறநானூறு. ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த இந்நூலை உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு பதிப்பித்து உலகறியச் செய்தார். பாடல்களின் அடியில், யாரை யார் எந்நிலையில் பாடியது என்னும் குறிப்புகள் உள்ளன. இவை பாடல்களைத் தொகுத்த காலத்திலோ அதன் பின்னரோ சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆதலின், பாட்டே சொல்லுவது எது, குறிப்பு சொல்லுவது எது எனப் பிரித்தறிந்து நோக்குவதே முறையாகும்.

கவரி வீசிய கை

சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, பெயரிலேயே போரைச் சுமந்தவன். அதியமான்களின் தலைநகராகிய தகடூரை, இன்றைய தருமபுரியை, அழித்தவன் அவன். அவனது அரண்மனையில் வீரமுரசு வைக்கும் கட்டில் ஒன்று இருந்தது. முரசு அக்காலத்து வெறும் இசைக்கருவி அன்று, வேந்தனின் வெற்றிக்கும் மானத்துக்கும் அடையாளம், வழிபாட்டுக்குரிய பொருள். அதன் கட்டிலில் பிறர் ஏறுதல் உயிர்க்கேடு தரும் குற்றம்.

முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில், மோசிகீரனார் என்னும் புலவர் அவ்விடம் வந்தார். மெல்லிய பூக்கள் பரப்பிய கட்டிலைக் கண்டார். அதன் தன்மை அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். வந்து கண்ட வேந்தன் வாளை எடுக்கவில்லை. கவரியை எடுத்து, புலவர் விழிக்கும்வரை வீசி நின்றான். இது பின்வந்தோர் புனைந்த கதை அன்று. விழித்தெழுந்த புலவரே தம் பாட்டில் பதிவு செய்த நிகழ்ச்சி. ஐம்பதாம் பாட்டு அது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தம்மை வெட்டாது விட்டதொன்றே வேந்தனின் தமிழறிவுக்குப் போதிய சான்று என்கிறார் புலவர். கவரி வீசியது அதற்கும் மேற்பட்டதாகிறது. பொறுத்தல் வேறு, போற்றல் வேறு. தண்டிக்கும் உரிமை உடையவன் அதைக் கைவிடுதல் அறம். கைவிட்டதோடு நில்லாமல் தானே பணிந்து நிற்றல் மதிப்பு. உறங்குபவரிடமிருந்து நன்றியோ புகழோ அந்நேரத்தில் கிடையாது. பார்ப்பார் இல்லாத இடத்தும் ஒருவன் காட்டும் மதிப்பே மெய்யான மதிப்பு.

இதே வேந்தனைப் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. பாடிய அரிசில்கிழார்க்கு 9 நூறாயிரம் காணம் பொன்னையும் தன் அரசுகட்டிலையும் அவன் கொடுத்தான் என்றும், புலவர் அரசை அவனுக்கே திருப்பித் தந்து அமைச்சுப் பூண்டார் என்றும் அதன் பதிகம் கூறுகிறது. பொன்னின் கணக்கை மிகை எனத் தள்ளினும், அரசன் அருகில் சொல்வன்மை உடையார்க்கு இடம் இருந்தது என்னும் நினைவைத் தள்ளுவதற்கில்லை.

முற்றுகையின் நடுவே ஒரு குரல்

மதிப்புப் பெற்ற புலவர் அதை எதற்குப் பயன்படுத்தினர்? இவ்வினாவுக்கு விடையாக நிற்பவர் கோவூர்கிழார். சோழர் குடியில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்துப் பொருத காலம் அது. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைத்திருக்க, உள்ளே குழந்தைகள் பாலின்றி அழுதன. மகளிர் பூவின்றி இருந்தனர். யானைகள் நீராடவும் உண்ணவும் வழியின்றித் தவித்தன. கோவூர்கிழார் அவன்முன் நின்று, அறம் உடையாயின் கதவைத் திறந்து கொடு, மறம் உடையாயின் திறந்து போரிடு, இரண்டும் செய்யாது ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்னும் பொருள்படப் பாடினார். கோட்டைக்குள் இருந்தவனிடம் அவன் கோழைமையைச் சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்!

பின்னர் உறையூரை நலங்கிள்ளி முற்றியபோது, இருவரையும் ஒருசேர நோக்கினார். எதிர்நிற்பவன் சேரனின் பனம்பூச் சூடியவன் அல்லன், பாண்டியனின் வேம்பு சூடியவனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடி. இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. இப்போர் கண்டு மகிழ்வார் பிற வேந்தரே. இதுவே அவர் வாதத்தின் சாரம். இங்கே அறவுரை வெறும் புலம்பலாக இல்லை. அரசியல் கணக்கோடு பொருந்தி நிற்கிறது.

மலையமான் மக்களைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடக் கருதியபோதும் தடுத்தவர் இவரே. புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ. புலவர்க்குப் பகுத்துண்டார் மரபில் வந்தவர் இவர். யானையைக் கண்ட வியப்பில் அழுகையையும் மறந்து, புதிய மன்றத்தைக் கண்டு மருளும் சிறுவர் இவர். இவ்வளவே கூறி, இனி விரும்பியதைச் செய்க என முடித்தார். ஆணையிட்டிலர், இறைஞ்சவும் இல்லை. வேந்தனின் குலப்பெருமையையே அவனுக்குக் கண்ணாடியாக்கிக் காட்டினார். சிறுவர் உயிர் பிழைத்தனர் என்பது அடிக்குறிப்பால் விளங்குகிறது.

இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்த வேளையிலும் இவர் குரலே எழுந்தது. பரிசில் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு நினையாதது. எனினும் மண்ணாளும் வேந்தர்க்கு நிகரான பெருமிதம் உடையது என்றார். உயிருக்கு மன்றாடும் இடத்தும் புலமையின் தலைநிமிர்வை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

குடையின் நிழல்

அறத்தின் பயன் அரண்மனையோடு நிற்கவில்லை. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் சென்று, படையின் வெற்றியும் உழவன் விளைவிப்பதே என்றார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் பழிப்பது அரசனையே. வெண்கொற்றக்குடை வெயில் மறைக்கப் பிடித்ததன்று, குடிகளுக்கு நிழல் தரப் பிடித்தது என்றும் எடுத்துரைத்தார். இதன் பயனாகப் பழைய நிலவரிப் பாக்கி நீங்கியது என்கிறது குறிப்பு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு யானையைக் காட்டினார். சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கித் தந்தால் யானைக்குப் பல நாள் ஆகும். நூறு வயலாயினும் யானை தானே புகுந்தால் வாயில் புகுவதினும் காலில் அழிவதே மிகுதி. வரியியலை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

இச்சொற்களை வேந்தர் பொறுத்ததற்குக் காரணம் என்ன? தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினத்தில் அது வெளிப்படுகிறது. பகைவரை வெல்லேனாயின் என் குடிகள் என்னைக் கொடியன் என்று தூற்றுக. மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் என் நிலத்தைப் பாடாது விடுக என்றான். குடிபழியும் புலவர் பாடாமையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. அம்மருதனாரே பின்னர் மதுரைக்காஞ்சியில் அவனுக்கு நிலையாமையை உணர்த்தினார். செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுப்பவன் குடைக்கீழ் உலகம் தங்கும் என்றும், இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இன்றியும் கெடுவான் என்றும் வள்ளுவர் வகுத்தது இவ்வாழ்க்கை மரபோடு முற்றும் இயைகிறது.

மறைக்கலாகாத மறுபக்கம்

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாக மட்டும் காண்பது வரலாறு ஆகாது. காரிக்கண்ணனார் நன்மாறனிடம் வேண்டியது பகைவரின் காவல் மரங்களை வெட்டாதிருக்கவே. ஊரை எரிப்பதையும் விளைவயல் கொள்ளையாவதையும் அவர் தடுத்திலர். புலவரின் நண்பனாகிய பாரியை மூவேந்தரும் முற்றினர். அவன் மாய்ந்தபின் கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அலைந்தார். கோவூர்கிழார் அறிவுறுத்திய நெடுங்கிள்ளியும், காரியாற்றில் இறந்தவன் என அடைமொழி பெற்றவனும் ஒருவனே என்பது பொதுவான கருத்து. அங்ஙனமாயின் ஒரு குடியினர் பகை அச்சொல்லால் தீரவில்லை. புலவர் சொல் எப்போதும் வெல்லவில்லை.

வென்றதா என்பதனினும் சொல்லப்பட்டதா என்பது பெரிது. பெருஞ்சித்திரனார் இதற்கு எல்லை வகுத்தார். அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணாது அனுப்பிய பரிசிலை, தாம் வணிகப் பரிசிலர் அல்லர் என மறுத்தார். தம் தகுதி அறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்றார். தலைவன் மதிக்க வேண்டும் என்பது ஒருபுறம். மதிப்பில்லாப் பொருளை வாங்காத உள்ளம் புலவனுக்கு வேண்டும் என்பது மறுபுறம். வாங்குவோர் நிமிர்ந்து நின்றதனாலேயே கொடுப்போர் தாழ்ந்து வணங்கக் கற்றனர்.

முரசுகட்டில் இன்றில்லை, முரசும் இல்லை, தகடூர்க் கோட்டையும் மண்ணாயிற்று. அவ்வேந்தனின் வெற்றிகளைத் தேடிப் படிப்போர் சிலரே. கவரி வீசிய ஒரு நண்பகலோ ஓர் அந்தியோ மட்டும் தமிழ் உள்ளளவும் நிற்கிறது. அதை நிறுத்தியது உறங்கி எழுந்த புலவரின் நன்றியுள்ள நாவே. பாட்டுக் கூடும் இடந்தோறும் அந்நாவின் நேர்மையும் அந்தக் கையின் பணிவும் சேர்ந்தே நினைக்கத் தக்கன.