நகரா விசை

வேலந்தாவளம் தாண்டி பஸ்ஸில் போய்த் தட்டச்சு படித்த நாளில், முதல் வாரம் முழுக்க ‘யளனக’தான். இடக்கைச் சுண்டுவிரலுக்கு ய, மோதிரவிரலுக்கு ள, நடுவிரலுக்கு ன, ஆள்காட்டிக்கு க. கை பழகியதும் ‘அம்மா’ அடிக்கச் சொன்னார்கள். அங்கேதான் தடுக்கியது. கையால் எழுதினால் ம எழுதி மேலே புள்ளி வைப்போம். பொறியிலோ புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். வெறும் தாளில் புள்ளி மட்டும் விழுந்தது, கேரியேஜ் அசையவில்லை. அடுத்து ம அடித்தேன். எழுத்து புள்ளிக்கு அடியில் வந்து உட்கார்ந்த பிறகே கேரியேஜ் ஓரிடம் நகர்ந்தது.

தமிழுக்கு இந்த நகரா விசையை அமைத்துத் தந்தவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907இல் கடல் தாண்டி சிங்கப்பூர் போய், 1930 வரை ஒரு வணிகக் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

அவர் காலத்தில் தட்டச்சுப் பொறி புதுமை அல்ல. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து கிறிஸ்டோபர் ஷோல்ஸ், கூட்டாளிகளோடு 1868இல் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி அதை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே விழும். சிறிய எழுத்தும் சேர, ஷிப்ட் விசையோடு 1878இல் அடுத்த பொறி வந்தது. 26 எழுத்துக்காரர்களுக்கு அதோடு கவலை விட்டது.

நமக்கு 247. பொறியில் 46 விசை இருந்து, விசைக்கு இரண்டு உருவம் வைத்தாலும் 92 இடம்தான். முத்தையா தம் எழுத்தைப் பிரித்துப் பார்த்தார். கொ என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டு. வரிசையாக அடித்தால் தீர்ந்தது. புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் அப்படி அல்ல, எழுத்தின் தலைமேல் ஏறுபவை. பொறியோ ஒவ்வொரு அடிக்கும் நகர்ந்துவிடும். நகராமல் நிற்கவும் அதற்குக் கற்றுக்கொடுத்தால் என்ன? அந்த ஒரு எண்ணம்தான் அவருடைய மேதைமை என்பேன். ஜெர்மனியில் சைடல் அண்ட் நௌமன் கம்பெனி அவர் அமைப்பில் பொறிகளைச் செய்து கொடுத்தது. ஒட்டிப் பிறந்த கு, து, மு போன்றவற்றைத் துண்டாக்க முடியாது. நான் படித்த விசைப்பலகையில் அவை தாய் எழுத்தின் விசையிலேயே மேல்வீட்டில் இருந்தன: ஷிப்ட் அழுத்தி க அடித்தால் கு.

கேரள எல்லையில் பிறந்த எங்களுக்கு நகரா விசையின் அருமை கூடுதலாகத் தெரியும். வடகரப்பதியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வீட்டில் தமிழ், கடைப் பலகையில் மலையாளம். கேரள அரசு 1971இல் மலையாள லிபியைச் சீர்திருத்தியதற்கு அச்சுக்கோப்போடு தட்டச்சுப் பொறியும் காரணம். நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் பிரிந்தன. எழுத்தோடு ஒட்டியிருந்த உகரக் குறி தனியே தள்ளி நின்றது. பழைய லிபியின் சுழிப்பில் எனக்கு இன்றும் ஆசை உண்டு. தமிழ்நாட்டிலும் 1978இல் ணை, லை போன்றவற்றின் பழைய உருவங்களை மாற்றினார்கள். ஆனால் முத்தையா அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொறியை வளைத்துவிட்டார்.

சித்தூர் தாலுகா ஆபீசுக்கு அப்பா தமிழில் அடித்துக் கொடுத்த மனு ஒன்றின் நகல் வீட்டில் இருக்கிறது. மெல்லிய தாள், மங்கிய ஊதா எழுத்து. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வரிக்கு வரி ஊசித்துளைகள். எழுத்து வருவதற்கு முன்பே விழுந்து, தாளைத் துளைத்துவிட்ட புள்ளிகள்.